ரிவர்ஸ்டன் ஏற்றமும் காற்றின் கணக்கும்

தம்புள்ளையிலிருந்து இனாமலுவைப் பக்கம் போகும் ஓரளவு மட்டமான சாலையில், நன்கு பயிற்சி பெற்ற ஒரு பந்தய வீரர் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆள், அதே சைக்கிள், அதே மூச்சு, அதே கால்பலம். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் அவரை விட்டால் வேகம் 13 கிலோமீற்றராக விழுந்துவிடும். மேட்டில் வேகம் ஏன் விழுகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. சமதரையில் அவரை 36க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது எது என்பதுதான் கேள்வி. சில்லு, செயின், தார்ச்சாலை என்று பலர் சொல்வார்கள். அவையெல்லாம் சேர்ந்து எடுப்பது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கையும் எடுத்துக்கொள்வது காற்று.

கண்ணுக்குத் தெரியாததால் காற்றை நாம் வெறுமை என்று நினைக்கிறோம். தம்புள்ளையின் வெயிலில் ஒரு கனமீற்றர் காற்றின் திணிவு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர். குனிந்து ஓட்டும் வீரர் அந்த வேகத்தில் ஒவ்வொரு செக்கனும் ஏறக்குறைய 4 கிலோ காற்றைத் தள்ளி ஒதுக்கிக்கொண்டு போகிறார். ஒரு மணித்தியாலத்துக்கு 14 தொன். அவருடைய கால்களின் உழைப்பு அங்கேதான் போகிறது.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். ஒவ்வொரு செக்கனும் இரண்டு மடங்கு காற்றில் மோத வேண்டும். அந்தக் காற்றில் ஒவ்வொரு பிடியையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஒதுக்க வேண்டும். ஆகவே தடை விசை நான்கு மடங்காகும். தடை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று பௌதிகவியல் சொல்வது இதைத்தான். அந்த விசையை எதிர்த்து இரண்டு மடங்கு தூரத்தை அதே நேரத்தில் கடக்க வேண்டியிருப்பதால் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவு. குனிந்த நிலையில் ஓட்டும் ஒருவர் காற்றுக்காக மட்டும் 20 கிலோமீற்றர் வேகத்தில் சுமார் 35 வொட் செலவழிக்கிறார். 30இல் அது 116 வொட், 40இல் 276 வொட். சில்லின் உருளல் தடையோ அதே இடைவெளியில் 26 வொட்டிலிருந்து 52 வொட்டுக்குத்தான் ஏறுகிறது.

தடையைத் தீர்மானிக்கும் மற்ற விடயங்கள் மூன்று: காற்றின் அடர்த்தி, முன்னிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு, வடிவம். கடைசி இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளலாம். அதைத் தடைப் பரப்பு என்று அழைக்கிறேன். கைபிடியின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து ஓட்டுபவருக்கு அது சுமார் 0.35 சதுர மீற்றர். சந்தைக்குப் போகும் சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு 0.6 வரை வரும். 30 கிலோமீற்றர் வேகத்தில் இந்த இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 80 வொட்டுக்கு மேல். பல மாதப் பயிற்சியில் கிடைப்பதைவிட அதிகமான வலுவை முதுகை மடக்குவதிலேயே பெறலாம்.

வடிவம் என்றதும் கூரான மூக்குத்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. உண்மையில் விடயம் பின்புறத்தில் இருக்கிறது. 1752இல் பிரான்சின் தலம்பேர் என்ற கணித மேதை, பிசுக்குமை இல்லாத பாய்பொருளுக்குள் சீராக நகரும் பொருளின் மேல் தடையே இருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழை இல்லை. முன்பக்கத்தில் விலகிய பாய்பொருள் பின்பக்கத்தில் அழகாகக் கூடிவந்து, முன்னே தள்ளிய அதே அளவுக்குப் பின்னாலிருந்தும் தள்ளிவிடும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை என்பது ஆற்றில் நின்ற எவருக்கும் தெரியும். ஏன் நடப்பதில்லை என்பதற்கு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1904இல் ஜெர்மனியின் லுட்விக் பிரான்டில் அதைச் சொன்னார். பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படை உராய்ந்து வேகம் இழக்கிறது. பொருள் பின்பக்கமாகத் திடீரென்று முடிந்தால், களைத்துப்போன அந்தப் படையால் வளைந்து ஒட்டிவர முடியாது, பிரிந்துவிடும். பிரிந்த இடத்துக்குப் பின்னால் சுழிப்பு, அங்கே அமுக்கம் குறைவு. முன்னால் அமுக்கம் அதிகம், பின்னால் குறைவு. பொருள் பின்னோக்கி இழுக்கப்படுகிறது.

இதனால்தான் வட்டமான ஒரு கம்பியும், அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு தடிப்பான, வால் நீண்டு மெலிந்த இறக்கை வடிவமும் கிட்டத்தட்ட ஒரே தடையைத் தருகின்றன. மீன் முன்னால் தடித்துப் பின்னால் மெலிந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் புறப்படும் லொறிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்கு மனதில் ஓடும். படங்கு தளர்ந்து படபடக்கிறது. மூட்டைகள் கூரைக்கு மேல் எழும்பி நிற்கின்றன. பின்புறம் சுவர்போலச் செங்குத்தாக முடிகிறது. அப்படியொரு லொறி 60 கிலோமீற்றரில் காற்றுக்குச் செலவழிக்கும் வலு ஏறக்குறைய 14 கிலோவொட். 80இல் அது 34 கிலோவொட். ஒரு கிலோமீற்றருக்குக் காற்றின் கணக்கில் எரியும் டீசல் முக்கால் மடங்குக்கும் மேல் கூடுகிறது. படங்கை இறுக்கிக் கட்டி, வேகத்தைப் பத்துக் கிலோமீற்றர் குறைத்தாலே மிச்சமாகும் பணம் சாரதிக்கோ முதலாளிக்கோ சிறு தொகையல்ல.

இப்போது மலைக்கு வருவோம். ரத்தோட்டையைத் தாண்டித் தேயிலையும் ஏலமும் மிளகும் மாறி மாறி வரும் அந்த வளைவுச் சாலையில், நூறு மீற்றர் போனால் எட்டு மீற்றர் எழும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். வீரரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. அவர் தொடர்ந்து தரும் வலு 250 வொட். கணக்குப் போட்டால் வேகம் 13 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அந்த 250 வொட்டில் 224 வொட் புவியீர்ப்புக்கு, 17 சில்லுக்கு, காற்றுக்கு வெறும் 9. சமதரையில் 80 வீதத்தை விழுங்கிய காற்று இங்கே 4 வீதத்துக்கும் கீழே போய்விட்டது. சட்டம் மாறவில்லை, வேகம் மூன்றில் ஒரு பங்கானதால் காற்றுக்குப் போகும் வலு இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

சமதரைக்கு நல்லது என்று சொல்லப்படும் ஆலோசனை மலைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஏற்றத்தில் குனிந்து மூச்சை அடைத்துக்கொள்வதில் பயனில்லை. நிமிர்ந்து நன்றாக மூச்சு வாங்குவதே மேல். பாரம்தான் அங்கே எல்லாம். பையிலிருந்து 2 கிலோவை இறக்கி வைத்தால் பத்துக் கிலோமீற்றர் ஏற்றத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சம். பந்தயத்தில் ஒரு நிமிடம் என்பது முதலிடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள தூரம். சமதரையில் அதே 2 கிலோவைக் குறைத்தாலும் வேகத்தில் வித்தியாசம் தெரியாது.

ஆனால் ரிவர்ஸ்டன் சாதாரண மலை அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் கணவாயில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். சமவெளியிலிருந்து வரும் காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரில் முட்டி மேலேறும்போது, மலைமுகட்டுக்கும் மேலுள்ள காற்றுப் படைக்கும் இடையே நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. குறுகிய வாய்க்காலில் தண்ணீர் விரைவது போன்ற அதே காரியம். அந்தக் காற்று செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் நம் வீரரின் முகத்துக்கு நேரே வீசினால் அவர் வேகம் 13இலிருந்து 10க்கு இறங்கிவிடும். காற்றின் பங்கு 4 வீதத்திலிருந்து 26 வீதத்துக்கு ஏறிவிடும்.

கணக்கில் போட வேண்டிய வேகம் தரைக்குச் சார்பானது அல்ல, காற்றுக்குச் சார்பானது. இதை மறந்தால் மற்ற எல்லாமே பிழைத்துவிடும். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரத பவனியை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த தேர் ஒன்றின் முகப்பு 30 சதுர மீற்றர் இருக்கும் என்று வைப்போம். வடம் பிடித்து இழுக்கும்போது அது செக்கனுக்கு அரை மீற்றர் நகர்கிறது. காற்றில்லாத நேரத்தில் அதன் மேலுள்ள காற்றுத் தடை எவ்வளவு? அரைக் கிலோ எடையைத் தூக்கும் விசை, அவ்வளவுதான். வடம் பிடிப்பவர்களின் கை எரிவதெல்லாம் அச்சும் சில்லும் தரையும் தரும் உராய்வால். ஆனால் அதே தேர் நகராமல் நிற்கும்போது செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஒரு காற்று அடித்தால், அதன் மேல் விழும் விசை 200 கிலோ எடைக்கு மேல். அதிலும் பெரும்பகுதி, துணிகளும் தொங்கல்களும் நிறைந்த மேல்பாதியில் விழும். தேரின் உயரத்தைக் கூட்ட நினைக்கும் நிருவாகிகள் பார்க்க வேண்டிய எண் இது.

உயரம் இன்னொரு விதத்திலும் கணக்கில் நுழைகிறது. ரிவர்ஸ்டன் உச்சிப் பக்கத்துக் காற்று தம்புள்ளைக் காற்றைவிட ஏறக்குறைய 8 வீதம் ஐதானது. ஏறும்போது இதனால் லாபமில்லை. இறங்கும்போது வேகம் கொஞ்சம் கூடும். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் ஒரு மணித்தியாலச் சாதனைக்காகக் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலுள்ள மெக்சிகோ நகரத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் அந்த ஐதான காற்று. அங்கே அவர் ஓடியது 49.431 கிலோமீற்றர்.

கூட்டமாக ஓடும்போது நிலைமை தலைகீழாகிறது. முன்னால் போகிறவரின் பின்னால் காற்று ஏற்கெனவே அவரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குள் ஓடுபவருக்குச் சார்பு வேகம் குறைவு. ஒருவர் பின்னால் ஒட்டி ஓடினாலே மூன்றில் ஒரு பங்குத் தடை குறையும். பெரிய கூட்டத்தின் நடுவில் எவ்வளவு குறையும் என்பதில் நீண்ட காலம் ஊகந்தான் இருந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் ப்ளொக்கன் குழுவினர் 2018இல் 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணனியில் உருவகப்படுத்தி, காற்றுச் சுரங்கத்திலும் சிறு உருவங்களை வைத்து அளந்து பார்த்தார்கள். கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் ஓடுபவருக்குக் கிடைக்கும் தடை, தனியாக ஓடுபவருக்கு இருப்பதில் 5 முதல் 10 வீதம் மட்டுமே என்று தெரிந்தது. பந்தயக்காரர்கள் எதிர்பார்த்திருந்ததைவிட இது மிகக் குறைவு. முன்னால் ஓடுபவருக்கும் சிறு லாபம் உண்டு: பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால், முன்னவரின் முதுகுக்குப் பின்னாலுள்ள அமுக்கக் குறைவு சற்று நிரம்பி, இரண்டு மூன்று வீதம் தடை குறைகிறது.

உருவகப்படுத்தல் என்றதும் பெரிய கணனிதான் வேண்டும் என்று பின்வாங்க வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும் என்பதைச் செய்தே காட்டலாம். அதே 80 கிலோ, அதே எட்டு வீதச் சரிவு, இப்போது இறக்கம். மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் விடுகிறோம். சரிவு முன்னே இழுக்கும் விசையில் சில்லின் தடையைக் கழித்தால் மீதி 58 நியூட்டன். காற்றுத் தடை, செக்கனுக்கு மீற்றரில் எடுத்த வேகத்தின் வர்க்கத்தை 0.2 ஆல் பெருக்க வருவது. 58இலிருந்து அதைக் கழித்து 80ஆல் வகுத்தால் ஆர்முடுகல் கிடைக்கும். அந்த ஆர்முடுகல் ஐந்து செக்கன் மாறாமல் இருப்பதாக எண்ணி, புதிய வேகத்தைக் காணுங்கள். அந்த வேகத்துக்குத் தடையை மீண்டும் கணக்கிட்டு அடுத்த ஐந்து செக்கனுக்குப் போங்கள்.

தொடக்கத்தில் வேகம் 0, ஆர்முடுகல் 0.72. ஐந்து செக்கனில் வேகம் 3.6. அடுத்த அடிகளில் 7.1, 10.1, 12.4, 14.1, முப்பதாவது செக்கனில் 15.2. ஒவ்வொரு அடியிலும் கூடும் அளவு சுருங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். அது 17ஐ நெருங்கி அங்கே நின்றுவிடும். மணிக்கு 61 கிலோமீற்றர். அதுதான் அந்தச் சரிவின் முடிவு வேகம். நிமிர்ந்து உட்கார்ந்து தடைப் பரப்பை 0.6 ஆக்கினால் முடிவு வேகம் மணிக்கு 47 கிலோமீற்றராகிறது. கொண்டை ஊசி வளைவுகளும் ஈரமான இலைகளும் நிறைந்த மலைச்சாலையில் இறங்குபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வளைவுக்கு முன்பே நெஞ்சை நிமிர்த்துங்கள். காசு செலவில்லாத பிரேக் அது.

இந்தக் கொப்பிக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது; அதை அறிவதுதான் உருவகப்படுத்தலின் அரைவாசிப் படிப்பு. முப்பதாவது செக்கனில் உண்மையான விடை 14.5ஐச் சற்றே தாண்டும், நமக்கு 15.2 வந்தது. ஏன்? ஒவ்வோர் ஐந்து செக்கனிலும் தொடக்கத்தில் இருந்த குறைந்த காற்றுத் தடையையே முழு நேரத்துக்கும் எடுத்துக்கொண்டோம். இடையில் வேகம் கூடத் தடையும் கூடியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு செக்கன் அடிகளாகப் போட்டால் பிழை 0.1 அளவுக்குச் சுருங்கும். உலகின் பெரிய கணனிகளில் ஓடும் பாய்பொருள் கணக்குகளுக்கும் இதே நோய் உண்டு. அடியைச் சிறிதாக்கி மீண்டும் ஓட்டி, விடை மாறுகிறதா என்று பார்க்காத உருவகப்படுத்தலை, படம் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும், நம்பக் கூடாது.

0.35 என்ற அந்தத் தடைப் பரப்பை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பது நியாயம். பொதுவாக அளக்கப்பட்ட பெறுமானம் அது. உங்கள் உடலுக்கும் உங்கள் சைக்கிளுக்கும் நீங்களே அளந்துகொள்ளலாம். வாகனம் இல்லாத சமதரையில், காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையில், 30 கிலோமீற்றருக்குமேல் வேகமெடுத்து மிதிப்பதை நிறுத்துங்கள். வேகம் 30இலிருந்து 27க்கு இறங்க எத்தனை செக்கன், 10இலிருந்து 7க்கு இறங்க எத்தனை செக்கன் என்று கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நம் 80 கிலோ வீரருக்கு முதலாவது 4 செக்கனுக்குள், இரண்டாவது 11 செக்கனுக்கு மேல் வரும். குறைந்த வேகத்தில் பெரும்பாலும் சில்லின் தடை, கூடிய வேகத்தில் பெரும்பாலும் காற்றின் தடை. இரண்டு அளவுகளிலிருந்து இரண்டு தெரியாக் கணியங்களைப் பிரித்தெடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சாய்வும் இலேசான காற்றும் குழப்பாமலிருக்க, அதே பாதையில் எதிர்த்திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வுகூடத்துக்கு வெளியே செய்யக்கூடிய பயிற்சிகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். சைக்கிளை ஆய்வுகூடமாக்குவது புதிதும் அல்ல. 1901இல் ரைட் சகோதரர்கள் சைக்கிளின் முன்னால் ஒரு சில்லைக் கிடையாகப் பொருத்தி, அதில் சிறு இறக்கைத் துண்டையும் தட்டையான தகட்டையும் வைத்து, ஊர்ச்சாலையில் ஓட்டித்தான் காற்றின் விசைகளை ஒப்பிட்டார்கள். காற்றுச் சுரங்கத்தை அதன் பிறகுதான் கட்டினார்கள்.

பெரிய கணனி எங்கே தேவைப்படுகிறது? 0.35 என்ற அந்த ஒற்றை எண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க. பொருளைச் சுற்றியுள்ள வெளியைக் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பாய்பொருளின் உந்தமும் திணிவும் சரியாக இருக்கின்றனவா என்று நேவியே, ஸ்டோக்ஸ் இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய சமன்பாடுகளைக் கொண்டு தீர்ப்பார்கள். ப்ளொக்கன் குழுவின் கணக்கில் கட்டங்கள் ஏறக்குறைய 300 கோடி. அத்தனை இருந்தும் கொந்தளிப்பின் மிகச் சிறிய சுழிகள் கட்டத்துக்குள் அடங்கி மறைந்துவிடும். அவற்றை ஒரு மாதிரிச் சூத்திரத்தால் ஈடுசெய்கிறார்கள். அந்த ஈடு எங்கே பொருந்தும், எங்கே வழுக்கும் என்று தெரிந்தவரே நல்ல பொறியியலாளர்.

இலங்கையின் காற்றையே இப்படி உருவகப்படுத்திய ஓர் ஆய்வு உண்டு. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவுகளில் வரிசையாக மண் உலைகளின் எச்சங்களைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் அங்கே இரும்பு உருக்கியவர்கள் துருத்தி ஊதவில்லை. பருவக்காற்றையே உலைக்குள் இழுத்தார்கள். உலை கட்டி எரித்துப் பார்த்த அவருடைய பரிசோதனை முடிவு 1996இல் நேச்சர் இதழில் வந்தது. அடித்து அடித்து ஓயும் காற்று எப்படிச் சீரான வெப்பத்தைத் தந்தது? இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழகத்தில் கவின் டேபர் முதலானோர் 2005இல் வெளியிட்ட கணனி உருவகப்படுத்தல் விடை சொன்னது. சரிவில் ஏறிவரும் காற்று உலையின் முன்சுவர் விளிம்பைத் தாண்டும்போது பிரிகிறது. பிரிந்த இடத்தில் அமுக்கம் குறைகிறது. முன்சுவரிலுள்ள மண்குழாய்கள் வழியே காற்று உள்ளே இழுபடுகிறது. சைக்கிள் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் தொல்லை தரும் அதே பிரிவை அந்த உலைக்காரர்கள் வேலை வாங்கியிருக்கிறார்கள். எழுதப்பட்ட ஒரு சமன்பாடும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் திருத்திய அறிவு அது. நம் தீவின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பொறியியல் சாதனைகளில் ஒன்று.

மாத்தளைக்குத் திரும்பினால், தடையின் மிகப் பெரிய கணக்கு நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. 1976 முதல், பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு வருகிறது. மின்சாரம் தந்துவிட்டுச் சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கை வழியாகப் போவத்தென்னை நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து உலர்வலய வயல்களுக்குப் பிரிகிறது. அந்த 8 கிலோமீற்றரும் தண்ணீர் சுவரோடு உராய்கிறது. உராய்வு தின்பதை நீரின் உயர இழப்பாக அளப்பார்கள். செக்கனுக்கு 50 கனமீற்றர் நீர் ஓடும்போது ஒரு மீற்றர் உயரம் இழந்தால் போவது ஏறக்குறைய அரை மெகாவொட்.

இங்கும் அதே வர்க்க விதிதான். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு நான்கு மடங்கு. விட்டத்தின் விளைவு அதைவிடக் கடுமையானது: அதே அளவு நீரைப் பத்து வீதம் ஒடுங்கிய சுரங்கத்தில் அனுப்பினால் இழப்பு எழுபது வீதம் கூடும். சுவரில் படியும் படிவும் கொங்கிறீற்றின் தேய்வும் சிறு விடயங்களாகத் தெரியலாம்; 8 கிலோமீற்றருக்குப் பெருக்கினால் அப்படி இருக்காது. நீரை மேலும் மேலும் திறந்துவிட்டால் மின்சாரமும் கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பதும் தவறு. உராய்வு இழப்பு மொத்த உயரத்தில் மூன்றில் ஒன்றைத் தொட்டதும், அதற்கு மேல் திறக்கும் ஒவ்வொரு சொட்டும் மின்வலுவைக் குறைக்கவே செய்யும். நல்ல சுரங்கங்கள் அந்த எல்லைக்கு வெகு கீழேயே இயங்குமாறுதான் அமைக்கப்படுகின்றன.

கடைசியாக, உயிரோடு தொடர்புள்ள ஒரு கணக்கு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 900 மடங்கு அடர்த்தியானது. பம்பரகிரி எல்ல, சேர எல்ல, இலுக்கும்புறப் பக்கத்து ஓடைகள் என்று நம் மாத்தளை மாவட்டத்தில் குளிக்க இறங்கும் இடங்கள் நிறைய. இடுப்பளவு நீரில் நிற்கும் ஒருவர் மேல், செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓட்டம் தரும் விசை சுமார் 17 கிலோ எடை. அது நடக்கும் வேகத்தைவிடக் குறைந்த ஓட்டம். பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவர் இடுப்புவரை மூழ்கினால் மிதப்பு விசை அவருடைய எடையில் பாதியளவை எடுத்துக்கொள்ளும். பாதம் கல்லை அழுத்துவது 30 கிலோ அளவுக்குத்தான். பாசி படிந்த கல்லில் அதில் பாதியைக்கூட உராய்வு தாங்காது. அதாவது, செக்கனுக்கு ஒரு மீற்றரிலேயே கால் வழுக்கத் தயாராகிவிட்டது. மேலே மலையில் மழை பெய்து ஓட்டம் 2 மீற்றரானால் தள்ளும் விசை 67 கிலோ. எவ்வளவு திடகாத்திரமானவராலும் அதில் நிற்க முடியாது.

இறங்குமுன் ஒரு குச்சியை நடு ஓட்டத்தில் போடுங்கள். கரையோரம் பத்து மீற்றரை முன்பே அடையாளம் வைத்துக்கொண்டு செக்கனை எண்ணுங்கள். குச்சி பத்துச் செக்கனுக்குள் அந்தத் தூரத்தைக் கடந்தால் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். ஐந்து செக்கனுக்குள் கடந்தால் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் இதை அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள். மலைப்பக்கம் இருட்டினால் குச்சியை மறுபடியும் போடச் சொல்லுங்கள்.